கத்திக்குக் கட்டளையிடுவது யார்?

(படிப்பக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தாய்மார்களே! தோழர்களே! கூட்டத்துக்கு வர இயலாமல், ஞாயிறு காலையிலே ஏட்டைப் பிரித்து இதனைப் படித்துக்கொண்டிருக்கும் நண்பரே!

மகப்பேறு பற்றிப் பேச ஓர் ஆண்மகன் மேடை ஏறியிருக்கிறானே என்று, முன்வரிசையிலே அமர்ந்துள்ள தாய்மார்கள் சிலர் முந்தானையால் வாய் பொத்திச் சிரித்தனர். கண்டேன். சிரிப்பிலே நியாயம் உண்டு. பெறுகிறவர்கள் நீங்கள், பேசுகிறவன் நான்! மருத்துவம் கற்றவனுமல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியில் விட்டு வந்தவன். நாடகம் எழுதத் தெரியும். நாலு பேர் கூடிய இடத்திலே பேசத் தெரியும். கூட்டல் கழித்தல் தெரியும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்குப் பெரும்பகுதி அந்தக் கூட்டல் கழித்தலே போதும். மீதிக்கு, மருத்துவர்களே எழுதிவைத்த ஏடுகள் உள்ளன, படித்தேன்.

2019 முதல் 2021 வரை, ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு நடைபெற்றது. வீடு வீடாகச் சென்று, தாய்மாரைக் கேட்டு எழுதிய கணக்கு அது. ஆய்வுக்கு முந்திய 5 ஆண்டுகளிலே தமிழ்நாட்டில் பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 44.9 குழந்தைகள் வயிற்றைக் கீறி எடுக்கப்பட்டவை. சிசேரியன் என்று நம் வீட்டுப் பாட்டிகூடச் சொல்கிறாளே, அது! அதற்கு முந்திய ஆய்வு 2015–16-இல் எடுக்கப்பட்டது; அதில் இந்த எண் 34.1. இந்தியா முழுமைக்கும் பார்த்தால், 2005–06-இல் 8.5 ஆக இருந்தது, 2019–21-இல் 21.5.

ஓர் ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் இடையே, நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏற்றம்! இந்தச் சில ஆண்டுகளிலே தமிழ்ப் பெண்ணின் இடுப்பெலும்பு சுருங்கிவிட்டதா? வயிற்றிலே வளரும் பிள்ளைகளெல்லாம் ஒரே நேரத்தில் குறுக்கே படுத்துக்கொள்வது என்று தீர்மானம் நிறைவேற்றினவா?

சிரிக்கிறீர்கள். சிரித்துவிட்டு அடுத்த கணக்கைக் கேளுங்கள். தெலங்கானாவில் 60.7. பீகாரில் 9.7. கோதாவரிக் கரையிலே பெண்ணுக்கு ஒரு கருப்பை, கங்கைக் கரையிலே வேறு கருப்பையா? இல்லை. ஒரே மாநிலத்துக்கு உள்ளேயே வாருங்கள். தமிழ்நாட்டிலே அரசு மருத்துவமனையில் 36.0, தனியார் மருத்துவமனையில் 63.8. தெலங்கானாவின் தனியார் மருத்துவமனையில் 81.5! தெருவின் இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஏறத்தாழ இரட்டிப்பு எண். சிக்கலான பேறு என்றால் நள்ளிரவிலே ஆம்புலன்ஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது உங்களுக்கே தெரியும். அரசுப் பெரிய மருத்துவமனைக்கு! சிக்கல் வந்து சேருகிற இடத்தில்தானே கத்திக்கு வேலை மிகுந்திருக்க வேண்டும்? கணக்கு நேர்மாறாக இருக்கிறது.

வயது ஏறிய பிறகு முதற்பேறு, கருவுற்ற காலத்து நீரிழிவு, உடற்பருமன், இரத்தக் கொதிப்பு, இவையெல்லாம் பெருகியிருப்பது மெய். இவற்றால் அறுவைக்குத் தேவை கூடுவதும் மெய். மறுக்கவில்லை. ஆனால் நீரிழிவு, தெருவின் ஒரு பக்கத்திலே மட்டும் குடியிருப்பதில்லையே! ஆகவேதான் கேட்கிறேன், கத்திக்குக் கட்டளையிடுவது பெண்ணின் உடலா, வேறு யாரேனுமா?

அவசரப்பட்டு, இவன் கத்தியே கூடாது என்கிறான் என எவரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்தக் கத்தியை வணங்கத்தக்கதாகக் கருதுகிறவன் நான். சீசர் இவ்வாறு பிறந்ததால்தான் சிசேரியன் என்ற பெயர் வந்தது என்பார்கள்; கட்டுக்கதை! சீசரின் தாய் அவுரேலியா, மகன் வளர்ந்து படைத்தலைவனாகிப் போர்க்களம் புகுந்த காலம் வரையிலும் உயிரோடு இருந்தவள். அக்காலத்திலே வயிற்றைக் கீறினால் தாய் பிழைப்பதில்லை. இறந்துபோன தாயின் வயிற்றிலிருந்து பிள்ளையை எடுப்பதற்கே அந்த முறை. 1876-இல் இத்தாலியிலே போர்ரோ என்ற மருத்துவர், குருதிப்போக்கை நிறுத்த வேறு வழியின்றிக் கருப்பையையே வெட்டி எடுத்துத் தாயைக் காப்பாற்றினார். 1882-இல் ஜெர்மானியர் சேங்கர், கருப்பையை எப்படித் தைப்பது என்று காட்டினார். அதன் பிறகு கிருமி நீக்கம், இரத்தம் ஏற்றுதல், பெனிசிலின் என ஒவ்வொன்றாக வந்து, தாயும் சேயும் சேர்ந்து வீடு திரும்பும் காலம் பிறந்தது. குறுக்கே கிடக்கும் பிள்ளை, வாயிலை அடைத்துக்கொண்ட நஞ்சுக்கொடி, நழுவி வெளியே வந்துவிட்ட தொப்புள்கொடி. இங்கெல்லாம் கத்தி தாமதித்தால் சாவு முந்திக்கொள்ளும்.

பீகாரின் 9.7 என்றேனே, அதனைப் பெருமை என்று எண்ணிவிடாதீர்கள். அந்த மாநிலத்து அரசு மருத்துவமனைகளிலே இந்த எண் 3.6. ஏழைத் தாய்க்குத் தேவைப்படும்போதும் கத்தி கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். 2018–20 கணக்குப்படி, ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புக்குப் பீகாரிலே 118 தாய்மார் மாண்டனர், தமிழ்நாட்டிலே 54. அதே பீகாரின் தனியார் மருத்துவமனைகளிலோ அறுவை நூற்றுக்கு ஏறத்தாழ 40! காசற்றவளுக்குக் கத்தியில்லை, காசு உள்ளவளுக்குக் கத்தியிலிருந்து தப்ப வழியில்லை. உலகக் கணக்கும் அப்படியே. 2021-இல் உலக நல நிறுவனம் வெளியிட்ட செய்தி இது: சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 5, இலத்தீன் அமெரிக்காவில் 43.

எத்தனை இருந்தால் சரி? 1985-இல் பிரேசில் நாட்டு ஃபோர்ட்டலேசா நகரிலே கூடிய வல்லுநர்கள், எந்த வட்டாரத்திலும் நூற்றுக்கு 10 முதல் 15-க்கு மேல் போக நியாயமில்லை என்றனர். 2015-இல் உலக நல நிறுவனம் மறுபடி ஆராய்ந்து, ஒரு நாட்டின் கணக்கு 10-ஐத் தாண்டிய பிறகு, எண் ஏற ஏறத் தாய் சேய் இறப்பு குறைவதாகக் காணோம் என்றது. அத்தோடு, எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள், தேவைப்படும் ஒவ்வொரு தாய்க்கும் அறுவை கிடைக்கச் செய்யுங்கள் என்றும் சொல்லிற்று. நல்ல சொல். நம்முடைய 44.9-ல், தேவைப்பட்ட தாய்மார் எத்தனை பேர்? அந்தக் கேள்விக்குத்தான் விடை தேடுகிறேன்.

தேடத் தொடங்கியது மேடைக்காக அல்ல. என் தங்கைக்காக.

ஈராண்டுகளுக்கு முன், தங்கைக்கு முதற்பேறு. ஊரிலே பேர் பெற்ற ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். விடியலில் சேர்த்தோம். பிற்பகல் வரை, ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்றனர். மாலை 5 மணிக்கு ஒரு செவிலி வேகமாக வந்து, “குழந்தையின் துடிப்பு சரியில்லை, உடனே எடுக்க வேண்டும், கையெழுத்துப் போடுங்கள்” என்றார். மைத்துனர் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். நான் போட்டேன். எந்த மேடையிலும் எதையும் ‘ஏன்?’ என்று கேட்டுப் பழகிய நான், எதிர்த்துப் பேசியதற்காக வழக்குக்கூடச் சந்தித்த நான், அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாராமலே கையெழுத்துப் போட்டேன்! பிள்ளை பிறந்தது, நலமாக இருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ஆறாம் நாள் தங்கை கேட்டாள்: “அண்ணா, என்னை ஏன் கேட்கவில்லை? நான் மயக்கத்தில் இல்லையே, விழித்துக்கொண்டுதானே இருந்தேன்?”

மெய்தான், அவளை யாரும் கேட்கவில்லை. 2008-இல் உச்ச நீதிமன்றம், தன்னுணர்வோடு உள்ள வயது வந்த பெண்ணுக்குப் பதிலாக, உயிர்க்காப்பு அவசரம் தவிர, வேறொருவர் தரும் ஒப்புதல் செல்லாது என்று தீர்ப்புரைத்திருக்கிறது. கணவன், தந்தை, அண்ணன் என வரிசையில் நிறுத்தி ஆண்களிடம் கையெழுத்து வாங்கும் வழக்கம் இன்னும் ஓயவில்லை. பெண்ணுரிமை பேசும் நானே அந்த வரிசையில் நின்றேன்.

இனி, கட்டளையிடும் கைகளைப் பார்ப்போம்.

முதலிலே கடிகாரம். இயல்பான முதற்பேறு, அரை நாள், முக்கால் நாள் என நீளும். நள்ளிரவு என்றும் பாராது, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராது. அறுவையோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிறு நகரத்துத் தனியார் மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். மகப்பேறு மருத்துவர் ஒருவர். காலையில் வெளி நோயாளர், மாலையில் வெளி நோயாளர். மயக்க மருந்து கொடுப்பவரோ நான்கு மருத்துவமனைகளுக்கு ஓடுகிறவர். அவர் வந்து நிற்கும் நேரமே குழந்தையின் பிறந்த நேரமாகிவிடுகிறது. அந்த மருத்துவர் கொடியவரல்லர். இரவெல்லாம் ஒரு தாயின் பக்கத்தில் அமர்ந்திருக்க, அவருக்கு மாற்று ஆள் இல்லை. பயிற்சி பெற்ற மருத்துவச்சி இல்லை. அப்படி அமர்ந்திருந்து பொறுத்ததற்குத் தனிக் கூலியும் இல்லை. பொறுமைக்கு விலைச்சீட்டு இல்லாத இடத்தில், கத்திக்கு விலைச்சீட்டு இருக்கிறது. அறுவை என்றால் கட்டணம் மிகுதி, படுக்கை நாள் மிகுதி, மருந்து மிகுதி. இரண்டுக்கும் ஒரே கட்டணம் என்று வைத்துப் பார்த்தால் என்ன என்று உலக நல நிறுவனம் 2018-இல் கேட்டிருக்கிறது. ஒரே கட்டணமாகிவிட்டால் எத்தனை குழந்தைகளின் துடிப்பு தானே சரியாகிவிடுமோ!

கேலி போதும். துடிப்பு காட்டும் கருவியைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வயிற்றிலே பட்டை கட்டி, பிள்ளையின் இதயத் துடிப்பைத் தாளிலே கோடாக வரையும் கருவி அது. சிக்கல் இல்லாத தாய்மாருக்கும் அதை இடைவிடாது கட்டிவைத்து ஆய்ந்து பார்த்தனர். பிறந்த குழந்தைக்கு வலிப்பு வருவது சற்றுக் குறைந்தது. குழந்தை இறப்பு குறையவில்லை, மூளை முடக்கமும் குறையவில்லை, அறுவை மட்டும் கூடிற்று. கோடு சற்று வளைந்ததும் மனம் பதைக்கிறது. பதைத்த மனம் கத்தியைத் தேடுகிறது. இன்னொரு கோடும் உண்டு. 1955-இல் நியூயார்க் நகரத்து மருத்துவர் ஃப்ரீட்மன், முதற்பேறு காணும் 500 பெண்களின் வலியை அளந்து ஒரு வளைகோடு வரைந்தார். அதைக் கொண்டு, கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது திறக்க வேண்டும் என்பது உலகெங்கும் சட்டமாயிற்று. பின்தங்கினாளா? ‘முன்னேற்றமில்லை’ என்று எழுதிக் கத்தியை எடு! 2018-இல்தான் உலக நல நிறுவனம், தாயும் சேயும் நலமாக இருக்கும்போது, இந்த வேகத்தை எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்ப்பது தவறு என்றது. எத்தனை பெண்கள், நியூயார்க் கடிகாரத்துக்குப் பிந்தினார்கள் என்ற குற்றத்துக்காகக் கீறப்பட்டார்களோ!

அடுத்தது அச்சம். இதிலே நானே குற்றவாளி. நான் எழுதிய நாடகம் ஒன்றிலே, மருத்துவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி, தாயா சேயா, ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்பார். கொட்டகையே விம்மும். வசூலும் நன்று. எத்தனை நாடகம், எத்தனை படம்! வலி என்றாலே அலறல், அலறல் என்றாலே சாவு எனப் பெண்ணுக்கும், வெளியே நிற்கும் கணவனுக்கும் பாடம் சொல்லித் தந்தவர்கள் நாங்கள். இயல்பாகப் பிள்ளை பெற்று, வியர்வையோடு சிரிக்கும் ஒரு தாயை மேடையில் காட்டியதுண்டா? இல்லை, அதிலே ‘கட்டம்’ இல்லையாம்! இன்று பெண்ணே, “வலி வேண்டாம், எடுத்துவிடுங்கள்” என்று கேட்கிறாளென்றால், அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பிரசவ அறையிலே துணைக்கு ஆளில்லாமல், திறந்த கட்டிலிலே, அதட்டலும் சில இடங்களில் அடியும் வாங்கிய கதையை அக்காவிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டவள் அவள். முதுகிலே ஊசி போட்டு வலியை அடக்கும் முறை உண்டு; நம் ஊர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? வலிக்கு மருந்து கேட்டவளுக்கு நாம் தருவது கத்தி.

மருத்துவருக்கும் அச்சம் உண்டு. பிள்ளைக்கு ஏதேனும் ஆகிவிட்டால் கண்ணாடி நொறுங்கும், வழக்கு வரும். தமிழ்நாட்டிலே ஒவ்வொரு தாய் இறப்பையும் தணிக்கை செய்கிறார்கள். செய்ய வேண்டியதுதான், 54 என்ற எண்ணுக்கு நாம் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆனால் அங்கே எழும் கேள்வி, ஏன் முன்னரே அறுவை செய்யவில்லை என்பது. ஏன் அறுவை செய்தாய் என்ற கேள்வி அந்த அளவுக்கு எழுவதில்லை. வெட்டாததற்குக் கணக்குக் கேட்பார்கள், வெட்டியதற்கு அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள் என்றால், மனிதன் எந்தப் பக்கம் சாய்வான்? தனியார் பேராசை ஒன்றே காரணம் என்று மேடையிலே முழங்கிவிட்டு இறங்குவது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால், காசே வாங்காத நமது அரசு மருத்துவமனையிலும் 36 என்ற எண் நிற்கிறதே! அங்கே பேராசை இல்லை. ஆள் பற்றாக்குறை இருக்கிறது, அச்சம் இருக்கிறது, கடைசி நேரத்தில் வந்து விழும் சிக்கல்கள் இருக்கின்றன; முன்னே ஒருமுறை கீறப்பட்டவர்களின் வரிசை நீண்டுகொண்டே வருகிறது. முதற்கத்தி தனியாரிடத்திலே விழுந்தாலும், இரண்டாம் கத்தி பல நேரம் அரசின் தலையிலே விழுகிறது.

பஞ்சாங்கத்தை விட்டுவிடுவேனென்று நினைத்தீர்களா? ‘சித்திரையிலே பிள்ளை வேண்டாம், பங்குனியிலேயே எடுத்துவிடுங்கள்.’ ‘பெண் குழந்தையாக இருந்து மூல நட்சத்திரத்திலே பிறந்துவிட்டால் மாமனாருக்கு ஆகாது.’ ‘காலை 10.40-க்கும் 11.10-க்கும் இடையே எடுத்தால் அரச யோகம்.’ இப்படிக் குறித்த தாளோடு வருகிறார்கள். குறித்துக் கொடுக்கச் சோதிடர் இருக்கிறார். கத்தியோடு காத்திருக்க மருத்துவமனையும் இருக்கிறது. கோளும் மீனும் பிள்ளையின் தலையெழுத்தை எழுதுகின்றன என்று நம்புகிறவர், அந்தத் தலையெழுத்தைக் கத்தியால் மாற்றி எழுதலாம் என்றும் நம்புகிறார்! நம்மிடம் மட்டுமா? தைவானிலும் நல்ல நாள் பார்த்து அறுவை கூடுவதும், பேய் மாதம் என்று அவர்கள் அஞ்சும் மாதத்திலே குறைவதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கின்றன. ஆனால் பிள்ளைக்கு வேறு ஒரு நாள்காட்டி உண்டு. 39 வாரம் நிறையுமுன், காரணமின்றி எடுத்தால், மூச்சுத்திணறலோடு கண்ணாடிப் பெட்டிக்குப் போகும் வாய்ப்பு மிகுதி. அரச யோகம், கண்ணாடிப் பெட்டியில் தொடங்குகிறது.

தாய்க்கு என்ன கேடு? முதல் முறை பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அதனால்தான் எளிதென்று தோன்றுகிறது. கேடு அடுத்த பேற்றிலே காத்திருக்கிறது. பழைய தழும்பின்மீது நஞ்சுக்கொடி ஒட்டி, சுவருக்குள்ளே வேர்விட்டுவிட்டால், பிரிக்கும்போது குருதி ஆறாகப் பெருகும். கருப்பையையே எடுக்க நேரிடும். தழும்பு ஒவ்வொன்று கூடக் கூட, இந்த இடர் கூடுகிறது.

‘ஒருமுறை கீறினால் எப்போதும் கீறத்தான் வேண்டும்’ என்பது வேதவாக்காக வழங்குகிறது. சொன்னவர் யார்? 1916-இல் நியூயார்க் மருத்துவர் கிரேகின். எதற்காகச் சொன்னார்? முதல் கீறலுக்கு அவசரப்படாதீர்கள், அது அடுத்தவற்றையும் இழுத்துவரும் என்று எச்சரிப்பதற்காக! எச்சரிக்கையை மறந்துவிட்டு, வாக்கியத்தை மட்டும் சட்டமாக்கிக்கொண்டோம். அக்காலத்துக் கீறல் கருப்பையின் மேற்பகுதியிலே நெடுக்காக விழுந்தது. இன்றைய கீறல் பெரும்பாலும் அடிப்பகுதியிலே குறுக்காக, வலுவாக ஆறும். அப்படி ஒரே கீறல் உள்ள தாய்மார், தகுந்த மேற்பார்வையில் இயல்பான பேற்றுக்கு முயன்றால், நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வெற்றி காண்கிறார்கள். தழும்பு பிளப்பது ஆயிரத்துக்கு ஏறத்தாழ 5. சிறு எண், ஆனால் பிளந்தால் நிமிடங்களிலே அறுவை செய்யும் வசதி வேண்டும். ஆகவே எல்லா இடத்திலும் முயல முடியாது, எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துமா என்று கேட்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு.

பிரேசிலைப் பாருங்கள். அங்கே அறுவை பாதிக்கு மேல். தனியார் மருத்துவமனையிலோ நூற்றுக்கு 80-க்கும் மேல். 2014-இல், அந்நாட்டின் தென்பகுதி ஊரொன்றிலே, முன்பு அறுவை கண்ட ஒரு தாய், இம்முறை இயல்பாகப் பெறுவேன் என்று மருத்துவமனையை விட்டு வீடு திரும்பினாள். நள்ளிரவிலே நீதிமன்ற ஆணையோடு காவலர் வந்தனர். அழைத்துப் போய், அவள் ஒப்பாமலே அறுத்தனர். பெண்கள் தெருவிலே திரண்டனர். அடுத்த ஆண்டே அரசு புது விதி செய்தது. காப்பீட்டு நிறுவனங்கள், எந்த மருத்துவரிடம், எந்த மருத்துவமனையில் அறுவை எத்தனை என்று கேட்டால் சொல்லியாக வேண்டும். வலி எப்படி முன்னேறியது என்று எழுதிய தாள் இருந்தாக வேண்டும். நார்வேக்காரர்களோ நெடுங்காலமாகவே மருத்துவச்சியை நம்பினார்கள். பயின்ற மருத்துவச்சி பக்கத்தில் இருப்பாள். சிக்கல் வந்தால்தான் மருத்துவர். அங்கே ஏறத்தாழ 6 பேறுகளில் ஒன்றுதான் அறுவை. தாய் இறப்போ உலகிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. இந்தியாவும் 2018-இல் மருத்துவச்சிப் பணிக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. தாளிலே இருப்பது பிரசவ அறைக்குள் வர வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் எச்சரித்தாக வேண்டும். இயற்கை, இயற்கை என்று கூவி, மருத்துவமனையே வேண்டாம், வீட்டிலேயே காணொளி பார்த்துப் பெறலாம் என்கிற கூட்டம் ஒன்று கிளம்பியிருக்கிறது. 2018-இல் திருப்பூரிலே அப்படி முயன்று ஓர் இளந்தாய் குருதிப்போக்கால் மாண்டாள். என் பேச்சை அந்தக் கூட்டத்தார் கையிலெடுத்தால், நான் அவர்களுக்கு முதல் எதிரி.

தங்கைக்கு வருகிறேன். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலே, “முன்பு ஏன் அறுவை செய்தார்கள்? கீறல் எப்படிப்பட்டது? அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்” என்றனர். பழைய மருத்துவமனைக்கு மூன்று முறை நடந்தேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்தில் ஆவணம் தர வேண்டுமென்று மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு விதி சொல்வதை எழுதிக் காட்டிய பிறகுதான் கொடுத்தார்கள். ‘அறுவைக்குக் காரணம்’ என்ற கட்டத்திலே, துடிப்பு பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘உறவினர் விருப்பம்’ என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.

தங்கையிடம் காட்டினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே தோழர்களே, முழக்கமெழுப்ப உங்களை அழைக்கவில்லை. சிறு வேலைகளுக்கு அழைக்கிறேன். ராப்சன் என்ற மருத்துவர் 2001-இல் ஒரு முறை வகுத்தார். முதற்பேறா, முன்பு அறுவை உண்டா, வலி தானாக வந்ததா, பிள்ளை எந்த நிலையில் என்று பார்த்து, எல்லாத் தாய்மாரையும் 10 பிரிவாக்குவது. எந்தப் பிரிவிலே கத்தி கூடுகிறதென்று அது காட்டிக்கொடுத்துவிடும். 2015-இல் உலக நல நிறுவனமே எல்லா மருத்துவமனைக்கும் அதனைப் பரிந்துரைத்தது. நம் மாவட்ட மருத்துவமனையில் அந்தக் கணக்கு எழுதப்படுகிறதா, எழுதினால் மாதந்தோறும் என்ன காட்டுகிறது என்று, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு மனு எழுதுவோம். மாவட்டத்துத் தனியார் மருத்துவமனைகளிலே அறுவை எத்தனை என்று சுகாதாரத் துறையிடம் இருக்கும் எண்ணையும் கேட்போம். ஓர் அறுவைக்கு முன், அவசரம் இல்லாதபோது, இரண்டாம் மருத்துவரின் கருத்தும் வேண்டும் என்ற முறையை நம் அரசு மருத்துவமனைகளிலாவது தொடங்கச் சொல்வோம். பிரசவ அறையிலே துணைக்கு ஒரு பெண் இருக்கும் வழக்கம், தாளில் மட்டுமல்லாமல் அறையிலும் இருக்கிறதா என்று, பேறு கண்ட தாய்மாரையே கேட்டு எழுதுவோம்.

மனு எழுதும் வேலை வரும் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, இதே படிப்பகத்தில். பெண்கள் எழுதட்டும், ஆண்கள் தாளும் தேநீரும் கொண்டுவரட்டும். பேறு முடிந்து வந்த தாள்கள் வீட்டிலே பெட்டியடியில் கிடக்குமே, அவற்றையும் எடுத்து வாருங்கள். அந்தக் காரணக் கட்டத்திலே என்ன எழுதியிருக்கிறதென்று சேர்ந்து படிப்போம். தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தன் தாளைத் தானே படிப்பாளாம்.